கீழக்கரை வீட்டுக்கு ஆப்பிரிக்கத் தேக்கு போடலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். கீழக்கரையில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு கட்டுகிறீர்கள். மரவாடியில் பர்மா தேக்குக்கு ஒரு விலை சொல்லிவிட்டு, அதில் பாதிக்கு ஆப்பிரிக்கத் தேக்கு இருக்கிறது, இரோகோ என்பார்கள், அதுவும் தேக்கு மாதிரிதான் என்று காட்டியிருக்கிறார்கள். நிலை, கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அதிலேயே முடித்துவிடலாமா, உப்புக்காற்றுக்கு நிற்குமா, மிஞ்சுகிற பலகையை மாமாவின் வள்ளத்துக்குப் போடலாமா என்று கேட்கிறீர்கள். பாதி விலைக்கு வாங்கினால் பாதி வருஷத்தில் போய்விடுமோ என்கிற பயம்தான் இத்தனைக்கும் அடியில் இருக்கிறது என்று நினைக்கிறேன், அதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது நிஜமாகவே இரோகோவாக இருந்து, வைரப் பகுதியாக, அதாவது மரத்தின் முதிர்ந்த உள்பகுதியாக இருந்து, காய்ந்தும் இருந்தால் தாராளமாகப் போடுங்கள். நம் கடற்கரையில் நிலைக்கும் ஜன்னலுக்கும் அது தேக்குக்குப் பெரிதாக இளைத்ததில்லை. ஆனால் இந்த மூன்று ‘இருந்தால்’களில் ஒன்று தவறினாலும் கதை மாறிவிடும். நான் தூத்துக்குடி மரவாடியில் தடி தரம் பிரிக்கிற வேலையில் ஆரம்பித்து, பிறகு ராமநாதபுரத்தில் கதவு ஜன்னல் பட்டறை போட்டவன். மர அறிவியலில் பட்டம் எதுவும் கிடையாது. எண் சொல்கிற இடங்களில் கையேடுகளில் உள்ளதைச் சொல்கிறேன், மற்றதெல்லாம் பட்டறையில் கண்டது.

முதலில், ஆப்பிரிக்கத் தேக்கு என்று விற்கிற சரக்கு ஒரே மரம் கிடையாது. குறைந்தது மூன்று மரங்கள் அந்தப் பெயரில் வருகின்றன. ஒன்று இரோகோ, மிலிசியா எக்செல்சா. இது தேக்குக்குச் சொந்தமே இல்லை, பலா, அத்தி, ஆலமரக் குடும்பம். கேரளத்துக்காரர்கள் படகு கட்டுகிற அயினியும் இதே குடும்பம்தான். இரண்டாவது அஃப்ரார்மோசியா, பெரிகாப்சிஸ் எலாட்டா. இது அருமையான மரம், ஆனால் அழிவைத் தொட்ட மரம். அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் 1992 முதல் இருக்கிறது, உரிய அனுமதிச் சீட்டு இல்லாமல் நாடு விட்டு நாடு போகக்கூடாது. நம் பக்கத்துச் சாதாரண வாடியில் இது கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மூன்றாவதுதான் இன்று அதிகம் புழங்குவது: கானா, நைஜீரியா, பெனின், டோகோ, தான்சானியா போன்ற நாடுகளில் தோட்டமாக வளர்த்த தேக்கு. அசல் தேக்கேதான், டெக்டோனா கிராண்டிஸ், நம் நிலம்பூரிலும் டாப்ஸ்லிப்பிலும் நிற்கிற அதே இனம். ஆனால் பதினைந்து, இருபது வயதில் வெட்டிய தடிகள் நிறைய வரும். தடி மெலிது, கணு அதிகம், சுற்றிலும் வெள்ளை, அதாவது வைரம் ஏறாத வெளிப்பகுதி, அதிகம். வாடியில் இதை ‘கானா தேக்கு’, ‘நைஜீரியா தேக்கு’ என்று பிரித்துச் சொன்னால் நல்ல ஆள் என்று அர்த்தம். மொத்தமாக ஆப்பிரிக்கத் தேக்கு என்று முடித்துவிட்டால், எது என்று கேட்டு வாங்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

பர்மா தேக்கு பற்றியும் ஒரு வார்த்தை. மியான்மர் 2014 ஏப்ரல் முதல் தேதியோடு முழுத் தடிகளை ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. அதனால் இன்றைக்கு ஒருவர் புதுத் தடியைக் காட்டி பர்மா என்று சொன்னால், காகிதத்தைப் பார்க்காமல் நான் நம்பமாட்டேன். உங்கள் ஊரிலேயே பழைய வீடு இடிக்கும்போது வருகிற உத்திரங்களிலும், காரைக்குடிப் பக்கம் பழைய மரக்கடைகளிலும் நிஜ பர்மா இன்னும் கிடைக்கும். அதன் எடையும் எண்ணெய்ப் பசையும் வேறு ரகம். நீங்கள் ஒப்பிட்டுப் பார்த்த இரண்டு விலைகளில் பெரிய விலைக்கு உரியது எந்த மரம் என்பதே சந்தேகம்தான்.

இரோகோ மேற்கே சியரா லியோன் தொடங்கி கிழக்கே தான்சானியா, மொசாம்பிக் வரை வளர்கிற காட்டு மரம். கானாவில் ஓடும் என்பார்கள், கிழக்கு ஆப்பிரிக்காவில் ம்வுலே, காங்கோ பக்கம் கம்பாலா. நாற்பது ஐம்பது மீட்டர் வளரும், அடிமரம் கிளையில்லாமல் உருண்டையாக நீளமாக ஓடும், அதனால் நீளப் பலகை தாராளமாகக் கிடைக்கும். இதைத் தோட்டமாக வளர்க்கப் பலரும் முயன்றிருக்கிறார்கள். பைட்டோலைமா என்ற சின்னப் பூச்சி இளங்கன்றின் இலையிலும் குருத்திலும் முடிச்சுமுடிச்சாக வீங்க வைத்து, நுனியைக் கருக்கிவிடுகிறது. அதனால் இன்றும் சந்தைக்கு வருவது பெரும்பாலும் இயற்கைக் காட்டில் முதிர்ந்து நின்ற மரம். வாங்குகிறவனுக்கு இது லாபம், வைரம் நன்றாக ஏறியிருக்கும். காட்டுக்கு நஷ்டம். நைஜீரியாவில் யோருபா மக்கள் இந்த மரத்தில் ஆவி குடியிருப்பதாக நம்பி வெட்டத் தயங்குவார்கள், நம் ஊரில் முனி இருக்கிற புளியமரத்தைத் தொடமாட்டார்கள் இல்லையா, அந்த மாதிரி. அந்த பயம் இன்னும் கொஞ்சம் இருந்தால் நல்லது என்று எனக்கே சில சமயம் தோன்றும், இதை விற்றுப் பிழைத்தவன் சொல்கிற பேச்சா என்று கேட்காதீர்கள்.

காய்ந்த இரோகோ ஒரு கன மீட்டருக்குச் சுமார் 650 கிலோ, அதாவது கன அடிக்கு 18 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். தேக்கும் ஏறக்குறைய இதே எடைதான், ஆகவே எடையை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. ஆனால் எடை வேறொன்றைக் காட்டிக்கொடுக்கும். கணக்குக்கு 18, 19 கிலோ வர வேண்டிய துண்டு 24 கிலோ காட்டினால் உள்ளே தண்ணீர் நிற்கிறது. கடினத்தில் இரோகோ தேக்கைவிட ஒரு பிடி அதிகம்: ஜங்கா என்ற கடின அளவில் தேக்கு சுமார் 1070, இரோகோ சுமார் 1260 பவுண்டு. வளையாமல் விறைப்பாக நிற்பதில் தேக்கு முன்னால் நிற்கும். நிலைக்கும் கதவுக்கும் இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. நீள உத்திரமாகப் போட நினைத்தால் மட்டும் கனத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

அடையாளம் காண்பது எப்படி என்பதுதான் உங்களுக்கு உண்மையில் உதவும். புதிதாக அறுத்த இரோகோ மஞ்சளாக இருக்கும், வெளிச்சம் பட்டால் சில வாரத்திலேயே தங்கப் பழுப்பாகி, பிறகு நன்றாகவே கறுக்கும். ஆகவே நிறத்தை நம்பாதீர்கள், வாடியில் ஒரு கை சாயம் ஏற்றினால் யாருக்கும் தெரியாது. துண்டின் தலைப்பகுதியைப் பாருங்கள், அதாவது நாரைக் குறுக்கே வெட்டிய முகத்தை. புது பிளேடால் ஒரு அங்குலம் சுத்தமாகச் சீவி, எச்சில் தொட்டு ஈரமாக்கி, நகைக்கடையில் வைத்திருப்பார்களே பத்து மடங்கு பெரிதாகக் காட்டுகிற கண்ணாடி, அதை வைத்துப் பாருங்கள். தேக்கு என்றால் ஆண்டு வளையம் தெரியும், ஒவ்வொரு வளையத்தின் ஆரம்பத்திலும் பெரிய துளைகள் வரிசை கட்டி நிற்கும், போகப்போக துளை சிறுக்கும். இரோகோவில் அந்த வரிசை கிடையாது. பெரிய துளைகள் எங்கும் சிதறியிருக்கும், ஒவ்வொரு துளைக்கும் இரண்டு பக்கமும் வெளிர் நிறத்தில் சிறகு விரித்தது போல ஒரு திட்டு, பக்கத்துச் சிறகுகள் சில இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டி அலையலையாக ஓடும். பலகை முகத்தில் இதே திட்டுகள்தான் வெளிர் நெளிகோடுகளாகத் தெரியும். வாசனையும் உதவும்: தேக்கைச் சீவினால் பழைய தோல்பை மாதிரி ஒரு வாடை, கையில் எண்ணெய்ப் பசை. இரோகோவுக்குச் சொல்லிக்கொள்ளும்படி வாசனை இல்லை. இந்தப் பரிசோதனை ‘தேக்கா, தேக்கு இல்லையா’ என்பதை உறுதியாகச் சொல்லும். ‘இது இரோகோவேதானா’ என்பதை அனுபவப்பட்ட கண் பெரும்பாலும் சொல்லும், நூற்றுக்கு நூறு அல்ல. போட்டோவை வைத்து யாராவது உறுதியாகச் சொன்னால் நம்பாதீர்கள். நிறையப் பணம் போடுகிறீர்கள் என்றால் பெங்களூருவில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கோ டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்துக்கோ தீப்பெட்டி அளவுத் துண்டு ஒன்றை அனுப்பினால், நுண்ணோக்கியில் பார்த்து இனத்தை எழுத்தில் தருவார்கள்.

இரோகோவுக்கே உரிய இன்னொரு அடையாளம் உண்டு, ஆசாரிகள் அதைத் திட்டித் தீர்ப்பார்கள். மரத்துக்குள் கல். விளையாட்டில்லை, சுண்ணாம்புக் கல்லேதான், கால்சியம் கார்பனேட். இந்த மரம் நிறைய கால்சியம் ஆக்சலேட்டை உண்டாக்குகிறது, நுண்ணுயிர்கள் அதைச் சுண்ணாம்பாக மாற்றுகின்றன. வேரடி மண்ணில்கூட இப்படிச் சுண்ணாம்பு படிவதை ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அடிமரத்தில் காயம் பட்ட இடத்திலோ பிளவிலோ அது கட்டியாக இறுகி உட்கார்ந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. மில்லில் பட்டை ரம்பம் சீராக அறுத்துக்கொண்டே போகும், திடீரென்று கிரீச்சென்று ஒரு அலறல், ஒரு பொறி, அதோடு பல் நாலைந்து போயிருக்கும். அறுபட்ட இடத்தைப் பார்த்தால் சுற்றிலும் மரம் கன்னங்கரேலென்று கறுத்திருக்கும், நடுவில் வெள்ளையாக, நகத்தால் கீறினால் கீறாத ஒரு கோடு. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் மெல்ல நுரைக்கும். பலகையில் காரணமில்லாமல் ஒரு இடம் மட்டும் கறுத்துத் தெரிந்தால் அங்கே இழைப்புளியை ஓட்டுவதற்கு முன் ஆணி முனையால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். இது குறை என்று பலகையைத் திருப்பி அனுப்ப வேண்டாம், கல் இருப்பதால் பக்கத்து மரம் பலவீனமாகாது. பார்வைக்குத் தெரியாத பக்கமாகத் திருப்பிப் போட்டால் போதும்.

இனி உப்புக்காற்று. உப்பு மரத்தை அரிக்கும் என்று நம் ஊரில் பொதுவாகச் சொல்கிறார்கள், அது பாதிதான் உண்மை. உப்பு அரிப்பது இரும்பை. மரத்தைப் பொறுத்தவரை, மேலே படிகிற உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், கதவு முழுக்கக் காயவே விடாது. தொடர்ந்து தெறிக்கிற இடத்தில் மேல் நார்கள் பஞ்சுபஞ்சாகப் பிரியும், ஆனால் அது தோலோடு நின்றுவிடும். நிஜமாகக் கெடுப்பது மூன்று: வெயில், நிலையின் அடிக்கால் ஈரம், கரையான். இந்த மூன்றிலும் பின்னிரண்டுக்கு இரோகோவின் வைரம் நல்ல பதில். ஐரோப்பியத் தர வரிசையில் அதன் வைரம் முதல் இரண்டு வகுப்புக்குள், அதாவது மிகவும் நிலைப்பது, நிலைப்பது என்ற வகுப்புகளுக்குள் வருகிறது. பழுத்த காட்டுத் தேக்கு முதல் வகுப்பு. தோட்டத்து இளம் தேக்கு அப்படி இல்லை. பூஞ்சையையும் கரையானையும் தடுக்கிற சத்து மரம் முதிர முதிரத்தான் வைரத்தில் ஏறும், நடுமையத்தை ஒட்டிய இளம் பகுதியில் குறைவு. ஆக, பதினைந்து வயதுத் தேக்கா முதிர்ந்த இரோகோவா என்று கேட்டால் நான் யோசிக்காமல் இரோகோ பக்கம் கை காட்டுவேன். தேக்கு என்ற பெயருக்காக வெள்ளை கலந்த சட்டத்தை அதிக விலைக்கு வாங்குவதைப்போல வீண் செலவு வேறில்லை.

வெள்ளை என்றதும் நினைவுக்கு வருகிறது. இரோகோவின் வெள்ளைப் பகுதி வெளிர் மஞ்சளாக, வைரத்திலிருந்து தெளிவாகப் பிரிந்து தெரியும், இரண்டு மூன்று அங்குலம்கூட இருக்கும். அதற்குப் பூச்சியையும் உளுப்பையும் தாங்குகிற வலு கிடையாது. வண்டு விழும். நிலைக்குக் கீழே தினமும் காலையில் மாவு கொட்டிக் கிடந்தால் அதுதான். நீங்கள் சட்டம் எடுக்கும்போது நான்கு மூலையிலும் வெள்ளை இல்லாமல் பொறுக்குங்கள், பொறுக்கவிடமாட்டேன் என்றால் வேறு வாடி பாருங்கள். உள்ளறைக்குப் போகிற சட்டத்தில் ஓரமாகக் கொஞ்சம் வெள்ளை வந்தால் போரிக் அமிலம், போராக்ஸ் கரைசலில் முக்கி எடுத்துப் பயன்படுத்தலாம். வெளி நிலைக்கு அந்தச் சமாதானமும் வேண்டாம், மழையில் அந்த மருந்து கரைந்து போய்விடும்.

மரத்தைக் காய வைப்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம், நம் ஆட்கள் இதில்தான் ரொம்ப அசட்டை. ஐ.எஸ். 287 என்று ஒரு இந்தியத் தரநிலை இருக்கிறது. காற்றின் ஈரத்தை வைத்து நாட்டை நான்கு மண்டலமாகப் பிரித்து, எந்த வேலைக்கு மரத்தில் எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்று சொல்கிறது. நம்மைப் போன்ற ஈரமான கடற்கரைக்கு, கதவு ஜன்னலில் 50 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் கனமான மரத்துக்கு 16 சதவீதம், மெல்லியதற்கு 14. துறைமுகத்திலிருந்து வந்த தடியை அறுத்து இரண்டு வாரத்தில் நிலையாகப் போட்டால் அதில் இருபத்தைந்துக்கு மேல் இருந்தாலும் ஆச்சரியமில்லை. இரோகோ பச்சையிலிருந்து முழுக்கக் காயும்போது குறுக்கே சுமார் 4 முதல் 5½ சதவீதம் சுருங்கும். கணக்குப் போட்டால், ஈரம் 25-இலிருந்து 15-க்கு இறங்கும்போது ஒரு அடி அகலப் பலகை நாலைந்து மில்லிமீட்டர் குறையும். கதவுப் பலகைக்கு நடுவில் வெளிச்சம் தெரிவது இதனால்தான், மரம் மோசம் என்பதால் அல்ல. தேக்கும் கிட்டத்தட்ட இதே அளவுதான் சுருங்கும். நல்ல செய்தி, இரோகோ பெரிதாக முறுக்காமல் வெடிக்காமல் வேகமாகவே காயும். நிழலில் குச்சி வைத்து அடுக்கி, காற்று புகவிட்டு, தலைப்பகுதியில் பெயிண்ட் அடித்து வைத்தால் போதும். ஈரம் பார்க்கிற மீட்டர் இன்று ஆன்லைனிலேயே கிடைக்கிறது, உங்கள் ஆசாரியிடம் இல்லையென்றால் நீங்களே ஒன்று வாங்கி வாடிக்குக் கொண்டுபோங்கள். பலகையின் மேல்தோலில் குத்தாமல், ஒரு அடி உள்ளே வெட்டிய புது முகத்தில் குத்திப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை வாடைக்காற்றில் கதவைப் பொருத்துகிறவர்கள் இறுக்கமாகப் பொருத்தலாம். சித்திரை வைகாசியில் பொருத்தினால் இடைவெளி கொஞ்சம் தாராளமாக விடச் சொல்லுங்கள், இல்லையென்றால் அடுத்த மழையில் உதைத்துத்தான் திறக்க வேண்டும்.

வேலை செய்வது எப்படி என்று உங்கள் ஆசாரி கேட்பார். நார் ஒரே திசையில் ஓடாது, ஒரு அங்குலம் வலமாகச் சாய்ந்தால் அடுத்த அங்குலம் இடமாகச் சாயும். வெளிச்சத்தில் பட்டை பட்டையாக மினுங்குவது இதனால்தான், இழைக்கும்போது செதில் பிய்ந்து வருவதும் இதனால்தான். இழைப்புளியைத் தீட்டிக்கொண்டே இருக்க வேண்டும், சீவல் மெலிதாக எடுக்க வேண்டும், முடியாத இடத்தில் சுரண்டித் தகடும் உப்புத்தாளும். மெஷினில் கார்பைடு முனை வைத்த பிளேடு போடுவது லாபம். சட்டங்களைப் பொருத்துகிற கழுந்து, துளை எல்லாம் சுத்தமாக விழும், ஆணியும் திருகும் நன்றாகப் பிடிக்கும், ஓரத்தில் அடிக்கும்போது முதலில் துளை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பசை நன்றாக ஒட்டும்.

ஒரு எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து லேசாக எடுக்காதீர்கள். இரோகோவின் தூளில் குளோரோஃபோரின் என்ற பொருள் இருக்கிறது. சிலருக்கு மூக்கும் கண்ணும் எரியும், கண்ணிமை வீங்கும், தோலில் தடிப்பு வரும். மூச்சிரைப்பு வந்ததாகவும் மருத்துவப் பதிவுகள் உண்டு. நம் பக்கத்து ஆசாரிகள் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வேலை செய்கிறவர்கள், வியர்வையில் தூள் அப்பிக்கொண்டு கழுத்து மடிப்பிலும் முழங்கை மடிப்பிலும் சிவந்துவிடும். எல்லோருக்கும் வராது, ஆனால் ஒருமுறை வந்தவருக்கு அடுத்தடுத்து அதிகமாகத்தான் வரும். நல்ல முகக்கவசம், முழுக்கை சட்டை, வேலை முடிந்ததும் குளியல். யாருக்காவது ஏற்கெனவே இளைப்பு இருந்தால் அவரை உப்புத்தாள் வேலைக்கு விடாதீர்கள். கதவாகி பாலிஷ் ஏறியபின் வீட்டில் இருப்பவர்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை.

மரத்துக்கு இவ்வளவு பார்த்துவிட்டுக் கீல் விஷயத்தில் கோட்டை விடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். கடலோர வீட்டில் முதலில் சாவது கீலும் தாழ்ப்பாளும்தான். பித்தளை முலாம் பூசிய இரும்பு ஒரே வருஷத்தில் துருவை ஒழுகவிட்டு நிலையைக் கறையாக்கிவிடும். கனமான நிஜப் பித்தளை போடுங்கள், அல்லது 316 ரக எவர்சில்வர். 304 ரகம் கடலைவிட்டுத் தள்ளியிருக்கிற ஊருக்குப் போதும், கடல் பார்த்த பக்கத்தில் பழுப்புக் கறை பூக்கும். திருகும் அதே உலோகமாக இருக்கட்டும், எவர்சில்வர் கீலுக்கு இரும்புத் திருகு போட்டால் திருகு சீக்கிரம் போகும். நிலையின் அடிக்காலைக் காங்கிரீட்டுக்குள் புதைக்க வேண்டாம், கருங்கல் படி மேல் உட்கார வைத்து, அடிமுகத்துக்கும் சுவரைப் பார்த்த முகத்துக்கும் தார்ப்பூச்சு கொடுங்கள். எந்த மரமானாலும் உளுப்பது அந்த அரையடியில்தான் ஆரம்பிக்கும். பாலிஷ் விஷயத்தில், வெளிப்பக்கம் கண்ணாடி போல மினுங்குகிற கெட்டிப் பூச்சு வேண்டாம். கீழக்கரைக் கடல் தெற்கே இருக்கிறது, வைகாசி தொடங்கி கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து மணலோடு அடிக்கும், அந்தப் பக்கத்து ஜன்னலில் படலம் முதலில் வெடித்து உரியும். உரிந்தால் முழுவதும் சுரண்ட வேண்டியிருக்கும். எண்ணெய் வகைப் பூச்சு என்றால் வருஷத்துக்கு ஒருதரம் துடைத்துவிட்டு மேலேயே இன்னொரு கை பூசிக்கொள்ளலாம். இரோகோவின் துளை பெரிது, வழவழப்பு வேண்டுமென்றால் முதலில் துளையை அடைக்கிற ஃபில்லர் தேய்க்க வேண்டும். எந்தப் பூச்சானாலும் முதலில் ஒரு துண்டில் அடித்து இரண்டு நாள் பாருங்கள், இந்த வகை மரங்களில் சில பூச்சு காயாமல் பிசுபிசுவென்று நிற்பதுண்டு.

வாடியில் அடுத்து படாக் காட்டுவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆப்பிரிக்கப் படாக் நம் வேங்கைக்கும் செஞ்சந்தனத்துக்கும் நெருங்கிய சொந்தம். கரையானுக்கு மசியாது, சுருக்கமும் குறைவு, மரமாக அது இரோகோவுக்கு ஒரு படி மேலேகூட. ஆனால் அந்த ரத்தச் சிவப்பைப் பார்த்து மயங்கி வாங்காதீர்கள், வெயில் பட்டால் பழுப்பாகிவிடும். ஆப்பிரிக்காவின் எல்லா வேங்கை இனங்களையும் 2022-இல் நடந்த சைட்டிஸ் மாநாட்டில் இரண்டாம் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள், ஆகவே காகிதம் கேளுங்கள். ஆப்பிரிக்க மஹோகனி என்றால் உள்ளறைக் கதவுக்கு மட்டும். அப்புறம், நம் ஊர்ச் சரக்கை மறந்துவிட வேண்டாம். உங்கள் தெருவிலேயே பழைய வீட்டு ஓட்டுக்குக் கீழே கறுத்த பனங்கை இன்னும் அசையாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், வைரம் பாய்ந்த பனைக்கு உப்புக்காற்று ஒன்றுமே இல்லை. நல்ல வேம்பு உள்கதவுக்குப் போதும். ஊரெல்லாம் திட்டுகிற சீமைக்கருவேல்கூட காய்ந்தால் சுருங்காத கெட்டி மரம், நேராக நாலடி கிடைத்தால்தானே.

கடைசியாக மாமாவின் வள்ளம். இங்கே நான் கொஞ்சம் பின்வாங்குகிறேன். ஐரோப்பாவில் இரோகோவைப் படகுப் பலகைக்கும் மேல்தளத்துக்கும் தேக்குக்குப் பதிலாகப் பல காலமாகப் போடுகிறார்கள், அது உண்மை. ஆனால் அது குளிர்ந்த கடல். மன்னார் வளைகுடாவின் வெதுவெதுப்பான தண்ணீரில் மரம் துளைக்கிற கடற்புழு வருஷம் முழுக்க வேலை செய்யும், அதற்கு இரோகோ எவ்வளவு நிற்கும் என்பதில் கையேடுகளே ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. தேக்கும் அதற்கு முழுக்கத் தப்பியதில்லை. ஆகவே நீர்மட்டத்துக்கு மேல் வருகிற பலகை, உட்காரும் குறுக்குப் பலகை, தளம், இதற்கெல்லாம் தைரியமாகப் போடலாம். நீர்மட்டத்துக்குக் கீழே போடுவதானால் வெளியே ஃபைபர் போர்த்துகிறவர்கள் மட்டும் போடுங்கள், போர்த்துவதற்கு முன் ஈரம் 15-க்குக் கீழே வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஃபைபர் உப்பிக்கொண்டு பிரியும். வள்ளத்தின் உள்ளே வளைந்து நிற்கிற விலாக்கட்டைக்கு இது ஆகவே ஆகாது. அதற்கு இயற்கையிலேயே வளைந்து வளர்ந்த நாட்டுக் கருவேல் வேண்டும், நேராக ஓடிய இரோகோவை வளைவாக அறுத்தால் நார் அறுபட்டு, அலை அடிக்கிற இடத்தில் ஒடியும். பழைய பலகைக்கு நடுவில் புதிதாக ஒன்று வைத்து, இடுக்கை அடைத்துக் கலப்பத்து அடிப்பதாக இருந்தால், அந்தப் பலகையை வெட்டுவதற்கு முன் வள்ளத்துப் பக்கத்திலேயே நிழலில் சில வாரம் போட்டு வையுங்கள், இரண்டும் ஒரே ஈரத்துக்கு வரட்டும். கதவுக்கென்று நன்றாகக் காய்ச்சிய பலகையை அப்படியே இறுக்கி வைத்துவிட்டுக் கடலில் தள்ளினால் அது ஊதி, பக்கத்துப் பலகையை ஆணியோடு தள்ளிவிடும். மாமாவுக்கு இது தெரியாமல் இருக்காது, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வெட்டுங்கள்.